போன்ஹோபரின் 'கூடி வாழ்தல்': திருமறை வாசிப்பும் அன்றாட வாழ்வும்

கேட்ட வசனத்தை வாழ்க்கைக்குப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்று முடியாத பிரசங்கம் நம் சபைகளில் அரிது. எவ்வாறு பொருத்துவது என்று தொடங்கும் பிரசங்கமோ அதனினும் அரிது. அக்கேள்வியை நாம் கேட்போரிடமே விட்டுவிடுகிறோம். அவர்களும் தம் கைக்கெட்டிய வழியைப் பற்றிக்கொள்கின்றனர். புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவு ஆராதனையில் பெறும் வாக்குத்தத்த அட்டை, சுவரில் தொங்கும் நாட்காட்டியின் தினவசனம், இப்பொழுது விடியுமுன்னரே கைப்பேசியில் மலர்ப்படத்துடன் வந்து விழும் வசனம் ஆகியவை பல இல்லங்களில் திருமறை வாசிப்பின் முழு அளவாகிவிட்டன. அவற்றை எள்ளி நகையாடுவது எளிது. அவ்வாறு செய்யும் மாணவர் ஆண்டுதோறும் நம் வகுப்பில் இருவராவது உண்டு. தலையணைக்கடியில் அத்தகைய அட்டை ஒன்றை வைத்துக்கொண்டு உயிர்நீத்த ஒருவரை அடக்கம் செய்துவிட்டு வந்த பின்னர் அந்த நகைப்பு தானே அடங்கிவிடும். எனவே ஏளனத்தை விடுத்து, 'எவ்வாறு' என்னும் கேள்வியை நேர்நின்று எதிர்கொண்ட நூல் ஒன்றை இங்கு ஆராய முற்படுகிறோம். டீட்ரிக் போன்ஹோபர் 1939-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட அச்சிறு நூலை 'கூடி வாழ்தல்' என்று தமிழில் வழங்கலாம். 1954-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாக நம்மவர் பலர் இதனை அறிவர்.

அறிவர் என்றோம், எவ்வளவு படித்துள்ளனர் என்பது வேறு. முகாம்களில் ஐக்கியத்தைப் பற்றிப் பேசுவோர் இதன் முதல் அதிகாரத்திலிருந்து இரண்டு மூன்று வாக்கியங்களை எடுத்தாள்வதோடு நூலை மூடிவிடுகின்றனர். இதனால் இது ஐக்கியத்தைப் பற்றிய இனிய நூல் என்னும் எண்ணம் நிலைத்துவிட்டது. நம் கருத்தில் இது ஐக்கியத்தைக் காட்டிலும் நாளைப் பற்றிய நூல். ஐந்து அதிகாரங்களுள் இரண்டாவது 'கூடியிருக்கும் நாள்' என்றும், மூன்றாவது 'தனித்திருக்கும் நாள்' என்றும் பெயர் பெற்றுள்ளன. விடியல், உணவு, வேலை, நண்பகல், மாலை, உறக்கம் என்று நாழிகை நாழிகையாக ஒரு நாளை எடுத்து, அதில் திருமறைக்கும் ஜெபத்துக்கும் உரிய இடம் எது என்று கேட்கிறார் ஆசிரியர். இத்துணைத் தெளிவாக நேரத்தைக் குறித்துப் பேசும் இறையியல் அறிஞர் வெகு சிலரே.

நூல் பிறந்த சூழலை அறியாது அதனை மதிப்பிட இயலாது. இட்லரின் ஆட்சிக்கு இணங்க மறுத்த அறிக்கையிடும் திருச்சபை, தன் வருங்கால ஊழியர்களுக்குப் பயிற்சியளிக்கச் சில கல்விச்சாலைகளை அமைத்தது. அவற்றுள் ஒன்றுக்குப் போன்ஹோபர் பொறுப்பேற்றார். அது 1935 ஏப்ரல் இறுதியில் பால்டிக் கடற்கரையிலுள்ள சிங்ஸ்ட் என்னும் இடத்தில் தொடங்கி, ஜூன் மாதத்தில் ஸ்டெட்டின் நகருக்கருகே ஃபிங்கன்வால்டுக்கு மாறியது. 1937 செப்டம்பர் இறுதியில் இரகசியக் காவல்துறையினர் அதன் கதவுகளை மூடி முத்திரையிட்டனர். அவ்வாண்டு முடிவதற்குள் அங்கே பயின்றோர் இருபத்தெழுவர் கைதாகியிருந்தனர். ஓராண்டு கழித்து, 1938 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், கோட்டிங்கன் நகரில் ஏறத்தாழ நான்கு வாரங்களில் அவர் இந்நூலை எழுதி முடித்தார். ஆகவே இது நடந்துகொண்டிருந்த கல்விச்சாலை ஒன்றின் கையேடு அன்று. மூடப்பட்ட வீடொன்றின் நினைவுக் குறிப்பு. படிப்போர் இதனை மறத்தலாகாது.

காலை வேளைக்கு அவர் வகுக்கும் முறை நமக்குப் புதியதன்று. பழைய குடும்ப ஜெபத்தின் ஒழுங்கே அது: சங்கீதம், திருமறைப் பாடம், பாட்டு, ஜெபம். ஆயினும் பாடத்தின் அளவைக் கேட்டவுடன் நம் குடும்பங்கள் திகைக்கும். காலையிலும் மாலையிலும் பழைய ஏற்பாட்டில் ஓர் அதிகாரமும், புதிய ஏற்பாட்டில் அரை அதிகாரமாவதும் வாசிக்கவேண்டும் என்கிறார். தொடக்கத்தில் இது பலருக்கு மிகையாகத் தோன்றும் என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். எனினும் விட்டுக்கொடுக்கவில்லை. சிறு வசனங்கள் அந்நாளுக்குரிய வழிகாட்டுதலாய் அமைவதை அவர் மறுக்கவில்லை. ஹெர்ன்ஹூட் மொராவியச் சகோதரர்களின் தினவசன நூலை அவரே வாழ்நாளெல்லாம் பயன்படுத்தினார். 1728-இல் சின்சென்டார்ஃப் வாய்மொழியாகத் தொடங்கி, 1731-ஆம் ஆண்டுக்கென முதன்முதல் அச்சான நூல் அது. ஆனால் அவ்வசனங்கள் தொடர் வாசிப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடாது என்பது அவர் நிலை. ஏனெனில் திருமறை துண்டுகளின் தொகுப்பன்று, முழுமை. அதனைத் தொடர்ந்து வாசிக்கும்பொழுது, இஸ்ரவேலரோடு செங்கடலைக் கடக்கிறோம், வனாந்தரத்தில் முறுமுறுக்கிறோம், தேவன் அன்று செய்த செயலுக்குள் நாமே இழுத்துக்கொள்ளப்படுகிறோம்.

இங்கேதான் 'பொருத்துதல்' என்னும் நம் சொல்லே கேள்விக்குள்ளாகிறது. நாம் வழக்கமாகச் செய்வது என்ன? நம் நாளை நடுவில் வைத்து, அதற்கேற்ற வசனத்தைத் தேடுகிறோம். தேர்வுக்குப் போகும் மகனுக்கு ஒரு வசனம், அறுவை சிகிச்சைக்கு ஒரு வசனம், வீட்டுக் கடனுக்கு ஒரு வசனம். போன்ஹோபரோ வரிசையைப் புரட்டுகிறார். வாசிப்பு தன் போக்கில் நடக்கிறது. நம் நாள் அதற்குள் எங்கே வந்து விழுகிறது என்பதே கேள்வி. இன்று நமக்கு என்ன நேரிடும் என்பதைக் காட்டிலும், தேவன் இஸ்ரவேலில் என்ன செய்தார், குமாரனில் என்ன செய்தார் என்பதை அறிவது முதன்மையானது என்னும் அவர் கூற்று, வாக்குத்தத்த அட்டையில் பழகிய நமக்குக் கசப்பான மருந்தே.

சங்கீதங்களைப் பற்றி அவர் கூறுவதும் இதனோடு சேர்ந்ததே. சங்கீதத்தைப் படிக்கும் ஒருவர், "இப்புலம்பல் என் நிலைமை அன்றே, நான் நலமாயிருக்கிறேனே" என்று தயங்கக்கூடும். அதற்கு அவர் தரும் விடை எளியது, ஆழமானது. அந்த ஜெபம் உன்னுடையதாக இல்லாதிருப்பின், சபையில் வேறொருவனுடைய ஜெபம். எவ்வாறாயினும் அது கிறிஸ்துவினுடைய ஜெபம். ஆகவே நீயும் சேர்ந்து சொல் என்கிறார். நம் ஆராதனைகளில் புலம்பல் சங்கீதங்களைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறோம். 23-ஐயும் 91-ஐயும் 121-ஐயும் மனப்பாடமாய் அறிந்த சபையார் 74-ஐயோ 88-ஐயோ கேட்டதேயில்லை என்னும் நிலை, நாம் எவருடைய ஜெபத்தைச் சபையிலிருந்து நீக்கிவிட்டோம் என்பதைக் காட்டுகிறது.

74-ஆம் சங்கீதத்தைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. 1938 நவம்பர் 9-ஆம் நாள் இரவு ஜெர்மனி முழுவதும் யூதரின் ஜெபாலயங்கள் கொளுத்தப்பட்டன, கடைகள் நொறுக்கப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் வதைமுகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். போன்ஹோபர் தம் தியானத்துக்குப் பயன்படுத்திய வேதாகமம் இன்றும் உள்ளது. அதில், நாட்டிலுள்ள தேவனுடைய ஆலயங்களையெல்லாம் பகைவர் சுட்டெரித்தனர் என்று முறையிடும் 74-ஆம் சங்கீதத்தின் எட்டாம் வசனத்தருகே, பக்க ஓரத்தில், 9.11.38 என்று தேதி ஒன்று மட்டும் குறிக்கப்பட்டிருக்கிறது. விளக்கம் ஒன்றும் இல்லை. அம்மாதம் 20-ஆம் நாளில் பழைய மாணவர்களுக்கு எழுதிய கடிதத்தில், இந்நாட்களில் 74-ஆம் சங்கீதத்தையும், சகரியா 2:8-ஐயும், ரோமர் 9, 11 அதிகாரங்களில் இஸ்ரவேலைப் பற்றிய பகுதிகளையும் மிகுதியாய்ச் சிந்தித்து வந்ததாகவும், அவை மிக ஆழமாக ஜெபத்துக்குள் நடத்துவதாகவும் தெரிவித்தார். யூதரைத் தொடுபவன் தேவனுடைய கண்மணியைத் தொடுகிறான் என்னும் பொருள்படும் வசனத்தை, அதன் எண்ணை மட்டும் குறித்து, அஞ்சல் தணிக்கை இருந்த நாட்டில் அவர் தம் மாணவருக்கு அனுப்பினார். கடிதம் பெற்றவர் வேதாகமத்தைத் திறந்து பார்த்தாலன்றிச் செய்தி புரியாது.

வசனத்தை வாழ்வுக்குப் பொருத்துதல் என்பதற்கு இதனினும் செறிவான சான்று நமக்குத் தெரியவில்லை. ஜெர்மனியின் எத்தனையோ இல்லங்களில் அன்று காலையும் தினவசனம் வாசிக்கப்பட்டிருக்கும். தம் பாதுகாப்புக்கான வாக்குத்தத்தம் தேடியவர்களுக்கு அது கிடைத்துமிருக்கும். சங்கீதங்களைத் தொடர்ந்து ஜெபிப்பதைப் பல்லாண்டுப் பழக்கமாக்கிக்கொண்ட ஒருவருக்கோ, எரிகிற ஜெபாலயத்தைக் கண்டவுடன் இது யாருடைய ஆலயம், யாருடைய அழுகை என்பது விளங்கிவிட்டது.

இனி, இதற்கு நேர் எதிரானதுபோல் தோன்றும் மற்றொரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். நூலைப் புகழ்வோர் பெரும்பாலும் இதனைச் சொல்வதில்லை. 1939 ஜூன் 12-இல் போன்ஹோபர் நியூயார்க் சென்றிறங்கினார். அமெரிக்க நண்பர்கள் அவருக்குப் பாதுகாப்பான பணியொன்றை ஏற்பாடு செய்திருந்தனர். அவர் மனமோ அமைதியற்றிருந்தது. ஜூன் 26-ஆம் நாள் நாட்குறிப்பில், தற்செயலாக 2 தீமோத்தேயு 4:21-ஐ வாசிக்க நேர்ந்ததாக எழுதுகிறார். குளிர்காலத்துக்கு முன்னே வந்துசேரும்படி பவுல் தீமோத்தேயுவை வேண்டும் வசனம் அது. நாள் முழுவதும் அது காதில் ஒலித்ததாகவும், அதனைத் தமக்கே சொல்லப்பட்டதாக எடுத்துக்கொள்வது திருமறையைத் தவறாகப் பயன்படுத்துவதாகாது என்றும் கூறுகிறார். ஜூலைத் திங்கள் தொடக்கத்தில் கப்பலேறினார். செப்டம்பர் முதல் நாளில் போர் மூண்டது.

ஒரு மாணவர் வகுப்பில் கேட்டார்: "ஐயா, இதுவும் அட்டை எடுப்பதுதானே?" நியாயமான கேள்வி. தொடர் வாசிப்பை வலியுறுத்தி ஓராண்டுகூட ஆகாத நிலையில், தற்செயலாய் எதிர்ப்பட்ட ஒரு வசனத்தைத் தம் பயணத்துக்குச் சான்றாக்குகிறார் ஆசிரியர். தவறான பயன்பாடு அன்று என்று அவரே வலிந்து கூறுவதிலிருந்து, அந்த ஐயம் அவருக்கும் இருந்தது என்பது தெளிவு.

ஆனால் தேதிகளைக் கவனிக்கவேண்டும். அமெரிக்கப் பணியை மறுத்துவிட்டதாகவும், முடிவு செய்தாகிவிட்டதாகவும் அவர் எழுதியது ஜூன் 20-இல். வசனம் வந்ததோ அதற்கு ஆறு நாள் பின்னர். எனவே வசனம் முடிவை எடுத்துத் தரவில்லை. எடுத்த முடிவின் காரணம் தமக்கே முழுதும் விளங்காது தத்தளித்த மனிதனோடு அது வழி நடந்தது. மேலும் அவர் அவ்வசனத்தைத் தனியே பிய்த்தெடுக்கவில்லை. சிறையில் குளிரை எதிர்நோக்கும் முதிய அப்போஸ்தலன், மேலங்கியையும் புத்தகங்களையும் கொண்டுவரச் சொல்லும் தனிமை, நண்பனின் பாடுகளில் பங்கேற்க வெட்கப்படலாகாது என்று தீமோத்தேயுவுக்குத் தொடக்கத்திலேயே சொல்லப்பட்டது ஆகிய நிருபம் முழுமையும் அவர் காதில் இருந்தது. அந்நிருபத்தை முழுதும் அறிந்தவருக்கே அந்த ஒரு வரி அவ்வளவு கனத்தோடு விழும். மூன்றாவதாக ஒன்று. அவ்வசனம் அவரைப் பாதுகாப்பிலிருந்து ஆபத்துக்குள் அழைத்தது. நம் வாக்குத்தத்த அட்டைகளுக்கென வசனம் தெரிந்தெடுப்போர் அவ்வரியைத் தெரிந்தெடுப்பரா என்பதைப் படிப்போரே எண்ணிப் பார்க்கலாம். எனவே அம்மாணவருக்கு நாம் கூறியது, வசனம் எவ்வழியில் நம்மிடம் வருகிறது என்பதைப் பற்றி மிகுதியாய்க் கவலற்க, அது வரும்பொழுது அதன் பின்னே எத்தனை ஆண்டு வாசிப்பு நிற்கிறது என்று கேள் என்பதே. அவர் நிறைவடைந்தாரா என்பது தெரியவில்லை.

நூலின் மூன்றாம் அதிகாரம் ஊழியர்களுக்கு மிகவும் இன்றியமையாதது. தனித்தியானத்தில் திருமறைப் பகுதியை எடுத்துக்கொள்ளும்பொழுது, இதனை எப்படிப் பிரசங்கிக்கலாம், எப்படிப் போதிக்கலாம் என்று கேட்கக்கூடாது, நமக்கு அது என்ன சொல்கிறது என்றே கேட்கவேண்டும் என்கிறார். எளிய விதியாகத் தோன்றினும், ஊழியருக்கு இதனைக் கைக்கொள்வது போலக் கடினமானது வேறில்லை. திருமறையே நம் தொழிற்கருவியாகிவிட்டது. ஒரு பகுதியைத் திறந்தவுடன் மூன்று தலைப்புகள் முதலெழுத்து ஒன்றிவர மனத்தில் எழுந்துவிடுகின்றன. ஃபிங்கன்வால்டிலும் இவ்விடர் இருந்தது. காலையில் அரைமணி நேரம் அமைதியாகத் தியானிக்கவேண்டும் என்னும் ஒழுங்கை மாணவர் முதலில் வெறுத்தனர். சிலர் உறங்கினர், சிலர் பிரசங்கம் ஆயத்தம் செய்தனர் என்று அவருடைய நண்பரும் வரலாற்றாசிரியருமான எபர்ஹார்ட் பெத்கே வாயிலாக அறிகிறோம். கார்ல் பார்த்தும் 1936 அக்டோபரில் எழுதிய கடிதமொன்றில், அவ்வொழுங்கில் துறவுமடத்தின் வாடை வீசுவதாகத் தம் கலக்கத்தைத் தெரிவித்தார். பார்த்தின் நாசி பொய்த்தது என்று சொல்ல நாம் துணியோம். ஒழுங்கை ஒழுங்குக்காகவே நேசிக்கும் ஆபத்து இந்நூலின் சில பக்கங்களில் உண்மையாகவே உண்டு.

ஆயினும் அந்த ஆபத்துக்கான சோதனையை நூலே தருகிறது. தியானத்தின் மெய்ம்மை தியான அறையில் அறியப்படுவதில்லை, பகலில் அறியப்படுகிறது. அது ஒருவரைப் பொய்யுலகொன்றில் ஏற்றி, வேலைக்குத் திரும்பும்பொழுது திடுக்கிட்டு விழிக்கச் செய்ததா, அல்லது தேவனுடைய மெய்யுலகுக்குள் பலத்தோடு நடத்திற்றா? ஜெபத்தில் உருகி அழுதுவிட்டு வெளியே வந்தவுடன் வாயிற்காவலரிடம் எரிந்து விழுந்தால், அந்த அரைமணியைப் பற்றி அவ்வாயிற்காவலரே சிறந்த சாட்சி.

நான்காம் அதிகாரத்தில் இதற்கு இணையான ஓர் இடம் வருகிறது. தேவன் நம் நாளைக் குறுக்கிட்டு, விண்ணப்பங்களோடு மனிதரை அனுப்பி, நம் திட்டங்களைக் கலைப்பார், அதற்கு ஆயத்தமாயிருக்கவேண்டும். மறுத்தால், கள்ளர் கையில் அகப்பட்டவனைக் கடந்துபோன ஆசாரியனைப்போல் நாமும் கடந்துபோவோம். அவ்வாசாரியன் அப்பொழுது வேதத்தை வாசித்துக்கொண்டே போயிருக்கலாம் என்கிறார். லூக்கா பத்தாம் அதிகாரத்தில் இல்லாத அந்த ஒரு விவரத்தைச் சேர்த்து, திருமறை வாசிப்பை இவ்வளவு வற்புறுத்தும் நூலே, வாசிப்பு எவ்வாறு பாவமாகக்கூடும் என்பதைக் காட்டிவிடுகிறது. இதனைத் துறவுமடத்து நூல் என்பார் அப்பக்கத்தைப் படித்திரார். சொன்னபடி வாழ்ந்தார் என்பதற்கும் சான்றுண்டு. சிங்ஸ்டில் தொடக்க நாட்களில் சமையலறையிலிருந்து உதவி கேட்டு அழைப்பு வந்தபொழுது மாணவர் எவரும் எழவில்லை. போன்ஹோபர் பேசாது எழுந்து போனார்; பின்னர் விரைந்து வந்தவர்களை உள்ளே விடவில்லை என்று பெத்கே எழுதுகிறார்.

இனி நூலின் குறைகளுக்கு வருவோம். இது இளைஞரான ஆண்கள், குடும்பச் சுமையின்றி, ஒரே கூரையின்கீழ், மணியோசைக்கு எழுந்து வாழ்ந்த வீட்டின் அனுபவம். விடியற்காலை திருச்சபைக்குரியது, வேலை தொடங்குமுன் அனைவரும் கூடித் துதிக்கவேண்டும் என்று ஆசிரியர் எழுதும்பொழுது, தூத்துக்குடி உப்பளங்களுக்கு விடியுமுன் புறப்பட்டுவிடும் பெண்ணை அவர் எண்ணியிருக்க வழியில்லை. இரவுப்பணி முடிந்து காலையில் வீடு திரும்பும் செவிலியரையும், தட்டை மடியில் வைத்துக்கொண்டு எண்ணிக்கை முடியும்வரை பீடி சுற்றும் தாயையும் எண்ணியிருக்க வழியில்லை. காலையில் ஓர் அதிகாரம் என்று இவர்களிடம் கூறுவது, சுமக்க அரிய சுமையை மனுஷர் தோளில் வைப்பதாகும். நூலை அப்படியே எடுத்துச் சபையில் விதியாக்க முனையும் இளம் ஊழியர் இதனைக் கருதவேண்டும்.

வியப்பு என்னவெனில், இவர்களுக்கு நூல் தருவது வேறோரிடத்தில் இருக்கிறது. வேலையைப் பற்றிய சில பத்திகளில் அது உள்ளது. வேலை மனிதனை 'அது' என்னும் பொருளுலகின் முன் நிறுத்துகிறது. கல்லுக்கும் மரத்துக்கும் நம் உணர்ச்சிகளைப் பற்றிக் கவலை இல்லை. அதனால் வேலை நம்மை நம் சுயத்திலிருந்து விடுவிக்கிறது. ஜெபிப்பவர் அந்த 'அது'வை ஊடுருவி, அதன் பின்னேயுள்ள 'நீர்' என்னும் தேவனைக் காண்கிறார். இதனால் வேலையே ஜெபமாகிவிடுவதில்லை. இரண்டுக்கும் தனித்தனி நேரம் வேண்டும். எனினும் நாள் ஒன்றாகிறது. உப்பைக் கூட்டி அள்ளும் கைக்கு இது விளங்கும். நாள் முழுவதும் சொற்களையே கையாளும் நமக்குத்தான் அந்த 'அது' எதிர்ப்படுவதே இல்லை. ஆகவே காலை வாசிப்பைப் பொறுத்தமட்டில் ஊழியருக்கு எளிதாயிருக்கும் இந்நூல், வேலையைப் பொறுத்தமட்டில் தொழிலாளருக்கே அணுக்கமாயிருக்கிறது. வாரத்தில் ஒரு சங்கீதத்தைச் சபை முழுவதும் மனப்பாடமாய் ஏற்று, வேலையிடத்தில் சொல்லிக்கொள்ளும் வழக்கம் இவர்களுக்கு ஏற்றது என்று கருதுகிறோம். எழுத்தறியா மூதாட்டியர் பலர் அவ்வாறே திருமறையைச் சுமந்தனர்.

இரண்டாவது குறை கனமானது. நூல் எழுதப்பட்ட கோட்டிங்கன் வீடு அவருடைய இரட்டைச் சகோதரி சபீனாவின் வீடு. சபீனாவின் கணவர் கெர்ஹார்ட் லைப்ஹோல்ஸ் யூத மரபினர் என்பதால், அக்குடும்பம் அந்த 1938 செப்டம்பரில்தான் நாட்டைவிட்டுத் தப்பி ஓடியது. காலியான அவ்வீட்டில் அமர்ந்து கிறிஸ்தவரின் கூட்டுவாழ்வைப் பற்றி எழுதினார் போன்ஹோபர். நூலில் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தணிக்கை இருந்தது என்பது உண்மையே. பலவீனரையும் பயனற்றவராகத் தோன்றுவோரையும் கூட்டத்திலிருந்து விலக்குவது கிறிஸ்துவையே விலக்குவதாகும் என்று ஓரிடத்தில் எழுதுகிறார். 1939-இல் ஜெர்மனியில் அதனைப் படித்தவருக்கு அதன் கூர்மை புரிந்திருக்கும். ஆயினும் அவ்வாக்கியமும் வீட்டுக்குள் இருப்போரைப் பற்றியே பேசுகிறது.

இக்குறையை நாம் வலியுறுத்துவதற்கு நம் சபைகளே காரணம். ஒருவனுக்காக நாம் ஜெபிக்கும்பொழுது நாம் அவனைத் தொடர்ந்து பகைக்க இயலாது என்பது இந்நூலின் புகழ்பெற்ற கருத்து. சபைத் தேர்தலில் எதிரணியில் நின்றவரின் பெயரை நாள்தோறும் ஜெபத்தில் சொல்லிப் பார்த்தவர் அது உண்மை என்பதை அறிவர். அவருடைய முகம் மெல்ல மாறுகிறது. ஆனால் தனி மனிதர் மாறுவது வேறு, சுவர் விழுவது வேறு. கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்னும் பகுதியைக் குடும்ப ஜெபத்தில் வாசித்துவிட்டு, அன்று மாலையே சாதி பார்த்து வரன் தேடும் இல்லங்கள் நம்மிடையே உண்டு. தலித் கிறிஸ்தவருக்குக் கல்லறையில் தனியிடம் ஒதுக்கிய ஊர்கள் உண்டு. அங்குள்ளோர் ஜெபியாதவர் அல்லர். ஒருவருக்காக ஒருவர் பெயர் சொல்லி ஜெபிக்கிறவர்களே. சகோதரனுக்காக உள்ளம் உருகி ஜெபித்துவிட்டு, அவனைப் புதைக்கும் இடத்தின் சுவரை அப்படியே விட்டுவைக்க மனிதனால் இயலும். இந்நூலின் பரிந்துமன்றாட்டுப் பகுதிக்கு இவ்வுண்மை தெரியவில்லை.

அதனை எழுதியவருக்குப் பின்னர் தெரிந்தது. 1943 ஏப்ரல் 5-இல் கைதாகித் தேகல் சிறையில் அடைக்கப்பட்ட போன்ஹோபர், 1944 மே மாதத்தில், பெத்கேயின் குழந்தை ஞானஸ்நானம் பெறுவதை முன்னிட்டுச் சில சிந்தனைகளை எழுதி அனுப்பினார். தன்னைக் காத்துக்கொள்வதற்காகவே போராடிய திருச்சபை, உலகுக்கு மீட்பின் சொல்லைக் கொண்டுசெல்லும் தகுதியை இழந்துவிட்டது என்றும், இனி நம் கிறிஸ்தவ வாழ்வு ஜெபிப்பது, மனிதரிடையே நீதி செய்வது என்னும் இரண்டில் மட்டுமே அடங்கும் என்றும் அதில் கூறுகிறார். சிலர் இதனைக் காட்டி, முந்தைய பக்தி நூலை அவர் கடந்துவிட்டார் என்பர். அது பிழை. அதே சிறையில் அவர் சங்கீதங்களை நாள்தோறும் வாசித்தார் என்பதற்கு அவர் கடிதங்களே சான்று. 1940-இல் அவர் வெளியிட்ட சிறு நூலும் சங்கீதங்களை வேதாகமத்தின் ஜெபப்புத்தகமாக விளக்குவதே. அதற்காக எழுத்துத்துறை அதிகாரிகளின் தண்டத்துக்கும் ஆளானார். 'கூடி வாழ்தல்' நூலில் பாதி மட்டும் சொல்லப்பட்டிருந்ததன் மறுபாதியே சிறையில் வந்தது. முதல் பாதியை விட்டு இரண்டாவதைப் பேசுவோரும், இரண்டாவதை அறியாது முதலாவதைப் புகழ்வோரும் நம் கல்லூரிகளில் இரு கட்சிகளாகப் பிரிந்து நிற்பது வருந்தத்தக்கது. சங்கீத ஓரத்தில் தேதி எழுதிய கையில் இவ்விரண்டும் பிரிந்திருக்கவில்லை. ஆகவே இந்நூலைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், ஞானஸ்நானச் சிந்தனைகளையும் 1938 நவம்பர் கடிதத்தையும் உடன்வைத்தே கற்பிக்கவேண்டும் என்று பரிந்துரைக்கிறோம்.

ஃபிங்கன்வால்டு மூடப்பட்ட பின்னர் நடந்த ஒன்றை இன்னும் சொல்லவேண்டும். சிதறிப்போன மாணவர்களுக்குப் போன்ஹோபர் சுற்றுக்கடிதங்களை அனுப்பிவந்தார். வாரந்தோறும் அனைவரும் தியானிக்கவேண்டிய திருமறைப் பகுதிகள் அவற்றில் குறிக்கப்பட்டிருந்தன. போர் தொடங்கிய பின்னும், படையில் சேர்க்கப்பட்டோருக்கும் அவை சென்றன. அவர்களுள் பலர் திரும்பவில்லை. வீடு போயிற்று, மணியோசை போயிற்று, ஒழுங்கு போயிற்று. எங்கெங்கோ இருந்தவர்கள் அந்த வாரம் ஒரே பகுதியைத் திறந்தனர் என்பது மட்டும் நின்றது. நம் கல்லூரிகளிலிருந்து புறப்படுவோரும், எட்டுக் கிராமங்களைக் கொண்ட சேகரங்களில் தனியராய் நிற்கின்றனர். அவர்களுக்கு இவ்வாறு வாரத்துக்கு ஒரு பகுதியை அனுப்பலாமா என்னும் பேச்சு ஆசிரியர்களிடையே எழுந்துள்ளது. முதல் வாரத்துக்கு 74-ஆம் சங்கீதத்தை முன்மொழிந்தோம். புதிதாய் ஊழியத்துக்குப் போவோருக்கு அது மிகக் கனமானது என்று சிலர் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை.